பதினாறு கிராம்

நவம் போயாவுக்கு வங்கி பூட்டு.
அதனால்தான் எங்களுக்கு இந்த இரண்டு இரவு.
யூனியன் பிளேஸ், நாலாம் மாடி,
பதினெட்டுப் பாகைக் குளிர்.
தினூஷ ஸ்வெட்டரை எனக்குத் தந்துவிட்டு
மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு இருக்கிறான்.

பழைய இயந்திரம் ஆளுயரம்.
பத்தொன்பது வருடமாய் நின்ற இடத்திலேயே நிற்கிறது,
அடகுப் பிரிவு முழுவதும் அதன் வயிற்றில்:
யார், எந்தக் கிளை, எத்தனை கிராம், எப்போது தவணை.
புதியது பீட்சாப் பெட்டியளவு.

"கோப்பை அப்பிடியே தூக்கிப் போடுவம், முடிஞ்சுது."
சொன்னது நான்தான்.
நாற்பது நிமிடத்தில் எல்லாம் வந்து சேர்ந்தது.
ஒரு பைட் குறையவில்லை, கூடவில்லை.
சரிபார்ப்பு எண் இரண்டு பக்கமும் ஒன்று.

திறந்தேன்.

வெள்ளவத்தைக் கிளை.
இராசநாயகம் புவனலோஜினி.
சங்கிலி ஒன்று, இருபத்திரண்டு கரட்.
எடை:
இருபத்தாறு கோடியே எண்பத்து நாலு இலட்சத்து
முப்பத்தையாயிரத்து நானூற்று ஐம்பத்தாறு
கிராம்.

"அக்கே, இவவுக்கு இன்னும் கழுத்து இருக்குமா?"
என்றான் தினூஷ.

ஒரு எண்ணுக்கு நாலு பைட்.
பழையது பெரிய முனையை முதலில் வைக்கும்,
புதியது சின்ன முனையை.
கடைசி இருக்கையில் அடக்கமாய் இருந்த பதினாறை
இது எழுப்பி மேடையில் ஏற்றிவிட்டது.
இரண்டும் தன் கணக்கில் சரி.
இரண்டிலும் ஒரு பிழைச் செய்தி இல்லை.

பெயர்கள் கெடவில்லை.
எழுத்துக்கு ஒரு பைட்,
ஒற்றையாய் நிற்பதை எப்படித் திருப்பிப்போட?
ஆனால் எனக்குத் தெரியும், பெயரும் திரும்பும்.
அடையாள அட்டையில் அப்பா முன்னால், நான் பின்னால்.
தோஹா விமான நிலையத்தில் ஒருமுறை
ஒலிபெருக்கி அப்பாவைக் கூப்பிட்டது.
செத்து ஆறு வருடமான மனிதருக்காக
செருப்புத் தேய நான் ஓடினேன்.

இந்த ஊரின் பெயரை எழுதிப் பாருங்கள்.
வாய் க-வில் தொடங்கும்,
கை கொம்பில்.

பிறகுதான் கவனித்தேன்,
பூச்சியங்கள் மட்டும் அலுங்காமல் வந்திருந்தன.
ஏலத்தில் போனவை.
பத்தாயிரத்துச் சொச்சம் வரி.
எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுமில்லை,
ஆகவே ஒன்றிலும் பிழையில்லை.
தினூஷ அதற்குச் சிரிக்கவில்லை.

கீழே மேளம். கண்ணாடி அதிர்ந்தது.
பெரஹரா வாவிப் பக்கம் திரும்புகிறது,
வீதி அடைத்தாயிற்று, நினைத்தாலும் வீட்டுக்குப் போக முடியாது.
காவலாளி துவான் மிஹ்லார்
பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து
"யானை எத்தனை எண்டு எண்ணினீங்களா?" என்று கேட்டார்.
நாங்கள் வரிகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

வந்ததை எல்லாம் அழித்தோம்.
பழையதிடமே போய்க் கேட்டோம்:
உன் கோப்பு வேண்டாம்.
உள்ளே இருப்பதைச் சொல்.
பதினாறு என்றால்
ஒன்று, ஆறு என்று இலக்கமாய்,
வாய்விட்டு, வரிவரியாய்ச் சொல்.
பதினொரு மணித்தியாலம் சொன்னது.
நடுவில் ஒருமுறை
விசிறி இழுத்து இழுத்து நின்று, திரும்பச் சுற்றியது.
தினூஷ அதன் பக்கத்தகட்டில் கை வைத்தபடியே
கதிரையில் தூங்கிப்போனான்.
மற்றப் பக்கத்தில் புதியது
கேட்டதைத் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டது.

அதிகாலை நாலே கால்.
இராசநாயகம் புவனலோஜினி.
சங்கிலி ஒன்று.
பதினாறு கிராம்.
திரையை மூடுமுன் தவணையையும் பார்த்தேன்.
வருகிற வெள்ளி.

பதிவுப் புத்தகத்தில் கையெழுத்திட்டு இறங்கினோம்.
வீதி முழுக்க யானை லத்தி, மிதிபட்ட பூ,
வெடித்த பலூன், ஐஸ்கிரீம் குச்சி.
மாநகரசபைக்காரர் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்,
ஆறு பேர் வாவி முனையிலிருந்து,
ஆறு பேர் சந்தி முனையிலிருந்து,
ஒருவரை ஒருவர் நோக்கிப் பெருக்கிக்கொண்டு.